தண்ணீர் தருவேன் என்ற கவுன்சிலர் மேல் வழக்குப் போட முடியுமா?

கேள்வி இது: "தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து வெருலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவன். வாரத்தில் பாதி நாள் குழாயில் காற்றுதான் வருகிறது. 2021 தேர்தலில் எங்கள் வார்டு கவுன்சிலர் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் என்று வீடு வீடாகச் சொல்லிப் போனாராம். இப்போது கேட்டால் 'அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறேன்' என்கிறார். பில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. வீட்டுக்கார அங்கிள் 'கட்டாதே, பார்த்துக்கலாம்' என்கிறார். மாற்றுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டதால்தான் இப்படி என்றும் பேசிக்கொள்கிறார்கள். வாக்கை மீறிய கவுன்சிலர் மேல் வழக்குப் போடலாமா? வேறு வழி உண்டா?"

தம்பி, வழக்கு நிற்காது. மேடையில் சொன்ன வாக்குறுதி சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தம் ஆகாது. பாதியில் திரும்ப அழைக்கும் உரிமையும் தென்னாப்பிரிக்க வாக்காளருக்குக் கிடையாது. வார்டு கவுன்சிலர் தன்னை நிறுத்திய கட்சியை விட்டு விலகினாலோ கட்சி அவரை நீக்கினாலோ பதவி போகும், 90 நாளுக்குள் இடைத்தேர்தல் வரும். கவுன்சிலர்களுக்கான நடத்தை விதியை மீறினால் மாமன்றத்தின் சபாநாயகரிடம் புகார் கொடுக்கலாம், அது மாகாண அமைச்சர் வரை போகலாம். ஆனால் "சொன்னதைச் செய்யவில்லை" என்பது நடத்தை விதி மீறல் ஆகாது.

நான் உங்கள் பக்கத்து ஃபீனிக்ஸில் சில வருடம் வார்டு கமிட்டியில் உட்கார்ந்தவன். அதிகபட்சம் 10 பேர், தலைமை கவுன்சிலர், ஒரு பள்ளிக்கூட ஹால், பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே எல்லாரும் கேட்கும் ஒரே கேள்வி "தண்ணீர் எப்போ வரும்?" கவுன்சிலருக்கும் அது தெரியாது. தெரிய வழியே இல்லை. அதனால் அவர் ஏதாவது சொல்லி வைப்பார், நாமும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

அவருக்கு ஏன் தெரியாது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வெருலம் பக்கத்தில் உம்லோட்டி ஆற்றில் ஹேசல்மியர் அணை, மேற்கே உம்ங்கெனி ஆற்றில் மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நாகிள், இனாண்டா அணைகள். இவற்றிலிருந்து தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்து மொத்தமாக விற்பது உம்ங்கெனி-உதுகேலா வாட்டர் என்ற நிறுவனம். 2023-இல் இரண்டு நீர் வாரியங்களை இணைத்து உண்டானது. அது மத்திய அரசின் கீழ் இருக்கிறது, மாநகராட்சியின் கீழ் இல்லை. டர்பனையும் வெருலத்தையும் ஆளும் எதெக்வினி மாநகராட்சி அந்தத் தண்ணீரை விலைக்கு வாங்கி, மேட்டில் இருக்கும் தொட்டிகளில் நிரப்பி, அங்கிருந்து இறக்கத்தில் தெருக்களுக்கு விடுகிறது. தொட்டியில் மட்டம் இறங்கினால் இரவில் வால்வை அடைத்து மட்டம் ஏறவிடுவார்கள். அடைத்துத் திறக்கும்போது பள்ளத்து வீட்டுக்கு முதலில் வரும், மேட்டு வீட்டுக்குக் கடைசியில் வரும், சில நாள் வராமலே போகும். குழாய் இருமிக்கொண்டு காற்றைக் கக்குவது அதனால்தான்.

இந்த வழியில் எந்த இடத்திலும் கவுன்சிலரின் கை வால்வில் இல்லை. நடத்தை விதி அதைத் தெளிவாகவே தடுக்கிறது: மாமன்றம் அதிகாரம் கொடுக்காத வரை கவுன்சிலர் எந்தத் துறையின் நிர்வாகத்திலும் தலையிடக் கூடாது, ஊழியருக்கு உத்தரவு போடக் கூடாது. தனக்கு வேண்டிய தெருவுக்கு மட்டும் தண்ணீர் திருப்பிவிடாமல் இருக்க வைத்த நல்ல விதிதான். ஆனால் தேர்தல் நோட்டீஸில் இந்த வரியை எந்தக் கட்சியும் அச்சடிப்பதில்லை.

அப்படியென்றால் கவுன்சிலர் எதற்கு? பட்ஜெட்டில் கை தூக்க. மாநகராட்சியின் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டத்திலும் ஆண்டு பட்ஜெட்டிலும் எந்தத் தொட்டிக்கு, எந்தப் பிரதான குழாய்க்கு எந்த ஆண்டில் எவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிப் போராடுவதும், சேர்த்த பணம் செலவானதா என்று துருவுவதும்தான் அவர் வேலை. 2021 தேர்தலுக்குப் பிறகு எதெக்வினி மாமன்றத்தில் 222 இடங்கள், அதில் 111 வார்டு உறுப்பினர்கள், மீதிப் பாதி கட்சிப் பட்டியலில் வந்தவர்கள். ஆளும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு (ஏ.என்.சி.) கிடைத்தது 96. தனித்து எதையும் நிறைவேற்ற முடியாத சபை. ஆகவே ஒரு வார்டு கவுன்சிலர் "நான் கொண்டுவருவேன்" என்று சொன்னால், கூட்டணிப் பேரத்தில் அவர் குரல் எவ்வளவு எடுபடும் என்பதையும் சேர்த்துத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாக்குறுதி எல்லாமே வெறும் வாய்ப்பந்தல் என்றும் சொல்லிவிட மாட்டேன். நிறைவேறிய ஒன்று நம்மூரிலிருந்தே தொடங்கியது. 1990-களின் கடைசியில் டர்பனில் ஏழை வீடுகளுக்கு முற்றத்தில் 200 லிட்டர் தொட்டி வைத்துத் தினம் ஒரு முறை நிரப்பினார்கள். அவ்வளவு சின்ன அளவுக்குப் பணம் வசூலிக்கும் செலவே அதிகம் என்பதால் இலவசமாக விட்டார்கள். 200 லிட்டரை 30 நாளுக்குப் பெருக்கினால் மாதம் 6,000 லிட்டர். 2000 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது ஏ.என்.சி. இலவச அடிப்படைத் தண்ணீரைத் தேர்தல் அறிக்கையில் வைத்தது. 2001-இல் அதே 6,000 லிட்டர் நாடு முழுதுக்கும் கொள்கையானது. அது நடந்ததற்குக் காரணம், அதில் அளவு இருந்தது, மத்திய அரசு நகராட்சிகளுக்குப் பிரித்துத் தரும் நிதியிலிருந்து பணத்துக்கும் வழி இருந்தது. பிற்பாடு எதெக்வினி அந்த இலவசத்தைக் குறைந்த மதிப்புள்ள வீடுகளுக்கு மட்டும் என்று சுருக்கியது வேறு கதை.

அதே காலத்தில், டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தின் அடுக்குமாடிகளில் நடந்ததையும் மறக்கக் கூடாது. வாடகை பாக்கி, தண்ணீர் பாக்கி என்று வெட்டுவதும் வெளியேற்றுவதும் நடந்துகொண்டிருந்தது. 1999 தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு அங்கே போன சமூகப் போராளி ஃபாத்திமா மீர், மக்கள் இருந்த நிலையைப் பார்த்து அவர்களோடு போராட நின்றார். சாட்ஸ்வொர்த்தில் தண்ணீர் வெட்டப்பட்ட மன்கேலே என்ற பெண் மாநகராட்சிக்கு எதிராக வழக்குப் போட்டார், தோற்றார். அடிப்படைத் தண்ணீர் என்றால் எவ்வளவு என்று வரையறுக்கும் விதி அப்போது இல்லை என்றது நீதிமன்றம். 2001 ஜூனில் விதி வந்தது.

உங்களுக்கு நான் காட்ட விரும்பும் ஆயுதம் அந்த 2001 விதிகள்தான். தேர்தல் மேடையில் ஒருவரும் இதைப் பேசுவதில்லை. தண்ணீர் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால், ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 லிட்டர் குடிக்கத்தக்க தண்ணீரை வேறு வழியில் தர வேண்டும். ஒரு ஆண்டில் முழு நாளாக 7 நாளுக்கு மேல் யாரும் தண்ணீர் இல்லாமல் இருக்கக் கூடாது. பெரிய கசிவோ, கண்ணுக்குத் தெரியும் கசிவோ, புகார் வந்த கசிவோ, தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். இவை கவுன்சிலர் கொடுக்கும் வாக்குறுதிகள் அல்ல, அரசாணையில் இருக்கும் கடமைகள். அரசியல் சாசனத்தின் 27-ஆவது பிரிவு தண்ணீரை உரிமை என்கிறது, 1997-இன் நீர்ச் சேவைச் சட்டம் அதற்கு உடம்பு கொடுக்கிறது, இந்த விதிகள் அளவு சொல்கின்றன.

அதனால் இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி கோயில் காலண்டரில் இதைச் செய்தார். குழாய் வறண்ட நாளில் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு, திரும்ப வந்த நேரம், பக்கத்தில் மாநகராட்சிக்குப் போன் செய்தபோது கொடுத்த புகார் எண். அமாவாசை, கிருத்திகைக்கு நடுவில் கோடு கோடாக ஓடும். ஒரு கூட்டத்தில் கவுன்சிலரோடு வந்திருந்த அதிகாரி "எங்கள் பதிவில் அவ்வளவு நாள் இல்லையே" என்றார். பாட்டி காலண்டரைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். மேசையில் விரித்து, ஒவ்வொரு புகார் எண்ணாக வாசித்தார். அதிகாரி தன் பேனாவை எடுத்து எழுதிக்கொள்ளத் தொடங்கினார். அந்த ஹாலில் வேறு யாருக்காகவும் அவர் பேனா எடுத்து நான் பார்த்ததில்லை. போன் செய்யாமல் வாட்ஸ்அப் குழுவில் புலம்புகிறவர்கள்தான் அதிகம். அந்தப் புலம்பல் மாநகராட்சியின் கணக்கில் ஏறாது.

அடுத்தது, ஓட்டுப் போட்டதற்குத் தண்டனையா என்பது. குழாயைப் பொறுத்தவரை எனக்கு நம்பிக்கை வரவில்லை. தொட்டிகள் மலை மேட்டைப் பார்த்துக் கட்டப்பட்டவை. வார்டு எல்லையோ தேர்தலுக்குத் தேர்தல் எல்லை நிர்ணய வாரியம் மாற்றி வரைவது. ஒரே தொட்டியிலிருந்து இரண்டு மூன்று வார்டுக்குப் போகும், ஒரே வார்டுக்குள் இரண்டு தொட்டியின் தண்ணீரும் வரும். பக்கத்து வார்டில் வருகிறது, இங்கே வரவில்லை என்றால், அவர்கள் வேறு தொட்டியில் இருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். ஆனால் டாங்கர் விஷயம் வேறு. லாரி எந்த மூலையில் நிற்கும், எத்தனை மணிக்கு வரும் என்பதில் ஆள் பார்த்துச் செய்ய நிறைய இடம் இருக்கிறது. தேர்தல் ஆண்டில் ஆடிக் கூழ் ஊற்றும் ஞாயிறன்று கோயில் வாசலில் டாங்கர் வந்து நிற்பதையும், கட்சி டி-ஷர்ட் போட்ட இரண்டு பையன்கள் குழாயைப் பிடித்து டிரம் நிரப்புவதையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீருக்குப் பணம் கொடுத்தது நாம்தான். பூசாரி அவர்களுக்கும் கூழ் கொடுத்து அனுப்பினார், அது நம்ம மரியாதை. ஆனால் திங்கட்கிழமை அந்த டாங்கர் எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. டாங்கர் அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் 10 லிட்டர் என்பது அவர்கள் கடமை, வேட்பாளரின் தானம் அல்ல.

வறட்சியா, வெள்ளமா, அலட்சியமா என்று கேட்டால் மூன்றும் உண்டு. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் வந்த வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வெருலத்துக்கு வடக்கே டோங்காட் ஊரின் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, அங்கே நம் ஜனங்கள் பல மாதம் டாங்கர் பின்னால் ஓடினார்கள். அதை இயற்கை என்று விட்டுவிடலாம். ஆனால் எதெக்வினி வாங்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் பணமாகத் திரும்பி வருவதில்லை என்பதை இயற்கை என்று சொல்ல முடியாது. கசிவு, திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர், பில் போடாத இடங்கள் எல்லாம் அதில் சேரும். நாடு முழுதும் சேர்த்துப் பார்த்தாலே 2023-இல் மத்திய நீர்த்துறை சொன்ன கணக்கு 47 சதவீதம். உம்ங்கெனி ஆற்று அணைகளிலிருந்து அனுமதித்த அளவைத் தாண்டி எடுக்கிறார்கள் என்று 2024 அக்டோபரிலிருந்து எதெக்வினிக்குப் போகும் தண்ணீரை 8.4 சதவீதம் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கினார்கள். உம்கோமாசி ஆற்றில் ஸ்மித்ஃபீல்ட் அணை என்று ஒரு பெரிய திட்டம் பல காலமாகப் பேச்சில் இருக்கிறது. அடுத்த தேர்தலில் அதை மேடை மேடையாகக் கேட்பீர்கள். அணை வந்தாலும் ஓட்டைக் குடத்தில்தான் ஊற்றப் போகிறார்கள். என்னைக் கேட்டால், எந்த வேட்பாளர் அணையைப் பற்றிப் பேசாமல் கசிவுக் குழுவில் எத்தனை ஆள், எத்தனை கிலோமீட்டர் பழைய குழாய் மாற்றப் பணம் என்று பேசுகிறாரோ அவரைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பேன். அப்படி ஒருவரும் பேசுவதில்லை, மண்ணுக்குள் புதைக்கும் குழாய்க்கு ரிப்பன் வெட்ட முடியாதே.

இப்போது பில். இதில் அவசரம் வேண்டாம். வீட்டுக்கார அங்கிள் சொல்கிற "கட்டாதே" ஆபத்தானது. 2023-இல் டர்பனில் வீட்டு வரி கட்டுவோரின் சில சங்கங்கள் மாநகராட்சிக்குக் கட்டாமல் பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளும் போராட்டம் நடத்தின. மாநகராட்சி இணைப்பை வெட்டுவதில் இறங்கியது. சட்டப்படி மாநகராட்சி உங்கள் எல்லாக் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்து, கட்டிய பணத்தை எந்தப் பாக்கியிலும் வரவு வைத்து, வசூல் நடவடிக்கை எடுக்கலாம். இதைச் சொல்லும் 2000-இன் நகராட்சி முறைமைச் சட்டம் 102-ஆவது பிரிவே ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது: ஒரு குறிப்பிட்ட தொகை பற்றித் தகராறு எழுப்பியிருந்தால் அந்தத் தொகைக்கு இது பொருந்தாது. ஆகவே "பில் தப்பு, கட்ட மாட்டேன்" என்று எழுதினால் பயனில்லை. எந்த மாதம், எந்த வரி, எத்தனை ராண்ட், ஏன் தப்பு என்று எழுதித் தகராறு எண் வாங்கி, மீதியைக் கட்டிவிட வேண்டும்.

தண்ணீர் வராமலே பில் ஏறுவதற்குப் பல காரணம் இருக்கும். பில்லில் மீட்டர் பார்த்துப் போட்டதா, உத்தேசமாகப் போட்டதா என்று குறித்திருக்கும், அதை முதலில் பாருங்கள். உத்தேசம் என்றால் பழைய நல்ல காலத்துச் சராசரியை வைத்து இன்றைய வறண்ட மாதத்துக்கும் போட்டிருப்பார்கள். பிறகு, தண்ணீர் வரும் ஒரு நாளில் வீட்டுக் குழாய் எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஜோஜோ பிளாஸ்டிக் சேமிப்புத் தொட்டிக்குப் போகும் வால்வையும் மூடிவிட்டு, மீட்டரில் இருக்கும் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். சுற்றிக்கொண்டிருந்தால் கசிவு வீட்டு எல்லைக்குள். அது வீட்டுக்காரர் பொறுப்பு, கவுன்சிலரைத் திட்டிப் பயனில்லை. நின்றிருந்தால், குழாய் காற்றைக் கக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். காற்றுக்கும் பல மீட்டர்கள் சுற்றும். போனில் வீடியோ எடுங்கள், தேதியோடு. ஜூலை 1-இல் புது நிதியாண்டு, புதுக் கட்டணம் என்பதையும் மறக்காதீர்கள். ஆகஸ்ட் பில் ஏறியதற்கு அது ஒன்றே போதும்.

நீங்கள் வாடகைக்காரர் என்பதால் இன்னொன்று. கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் மாநகராட்சிக்குக் கடன்காரர் அவர், நீங்கள் அல்ல. ஆனால் அவர் கட்டாவிட்டால் வறளப் போவது உங்கள் குழாய். 2009 அக்டோபர் 8, 9 என்று அடுத்தடுத்த நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் இரண்டு தீர்ப்பு சொன்னது. முதல் நாள் ஜோஹன்னஸ்பர்க்கின் சொவேட்டோவில் ஃபிரி பகுதி மக்கள் ப்ரீபெய்டு மீட்டருக்கு எதிராகப் போட்ட மசிபுகோ வழக்கு. கீழ் நீதிமன்றம் ஆளுக்கு 50 லிட்டர் என்றதையும், மேல்முறையீட்டில் 42 என்றதையும் தள்ளிவிட்டு, மாதம் 6,000 லிட்டர் என்ற கொள்கை நியாயம்தான் என்றது. ஏழைகளுக்குக் கசப்பான தீர்ப்பு. மறுநாள் ஜோசஃப் வழக்கு. வீட்டுக்காரர் பாக்கி வைத்ததால் மின்சாரம் வெட்டப்பட்ட ஜோஹன்னஸ்பர்க் வாடகைக்காரர்கள் போட்டது. கணக்கு தங்கள் பெயரில் இல்லாவிட்டாலும், வெட்டுவதற்கு முன் அவர்களுக்கும் 14 நாள் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அது மின்சார வழக்குதான், ஆனால் தண்ணீரை வெட்டவும் நியாயமான அறிவிப்பு வேண்டும் என்று நீர்ச் சேவைச் சட்டமே சொல்கிறது. உங்களிடம் தண்ணீருக்கு என்று பணம் வாங்கிக்கொண்டு அங்கிள் கட்டாமல் இருந்தால், மாகாண வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது, வக்கீல் தேவையில்லை. அவரிடம் முதலில் நல்லபடியாகப் பேசிப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே வளாகத்தில் இருக்கப் போகிறவர்கள்.

இதெல்லாம் செய்தும் அசையவில்லை என்றால் மனித உரிமை ஆணையத்தின் டர்பன் அலுவலகம். புகாருக்குக் கட்டணம் இல்லை. 2022 ஆகஸ்டில் இந்த மாகாணத் தண்ணீர் நிலை பற்றி விசாரணை நடத்தி, நகராட்சிகள் மக்களின் தண்ணீர் உரிமையை மீறியிருக்கின்றன என்று பிறகு அறிக்கை கொடுத்தவர்கள் அவர்கள். கோப்பு ஏற்கனவே திறந்திருக்கிறது, உங்கள் நோட்டும் அதில் சேரட்டும். நீதிமன்றமும் உண்டு, ஆனால் கவுன்சிலருக்கு எதிராக அல்ல, மாநகராட்சிக்கு எதிராக, தெருவே சேர்ந்து. வடமேற்கு மாகாணத்தில் கெட்லெங்ரிவியர் ஊர்க்காரர்கள் 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றத்துக்குப் போய், நகராட்சி நடத்தத் தெரியாத நீர் நிலையத்தைத் தாங்களே நடத்த உத்தரவு வாங்கினார்கள். கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் அதற்கு எஞ்சினியரும் பணமும் கையில் வேண்டும், சின்ன ஊர் வேறு. எதெக்வினி மாதிரி ஊரில் அது நடக்காது. டயர் எரித்து ரோட்டை மறிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: வேலை விசாவில் இருப்பவர் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

குடியுரிமை இல்லாததால் ஓட்டு இல்லை, நமக்கு என்ன குரல் என்று நினைக்க வேண்டாம். வார்டுக் கூட்டத்துக்கு வர, புகார் கொடுக்க, பட்ஜெட் வரைவுக்குக் கருத்து எழுத குடியிருப்பவராக இருந்தால் போதும். கவுன்சிலர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மக்களிடம் வந்து கணக்குச் சொல்ல வேண்டும் என்று அவர்களுடைய நடத்தை விதியே சொல்கிறது. உங்கள் வார்டில் கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். பட்ஜெட் வரைவு மார்ச் முடிவதற்குள் மாமன்றத்தில் வைக்கப்படும், ஏப்ரல், மே மாதங்களில் கருத்துக் கேட்பார்கள், ஜூன் முடிவதற்குள் நிறைவேற்றுவார்கள். அந்த இரண்டு மாதத்தில் ஹாலில் பத்துப் பேர்கூட இருப்பதில்லை. அங்கே போய் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரும் தொட்டியின் பெயர் என்ன, அதற்கும் அதன் பிரதான குழாய்க்கும் இந்த வருடம் எந்த வரியில் எவ்வளவு, போன வருடம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 2000-இன் தகவல் பெறும் சட்டப்படி விண்ணப்பம் போடலாம், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

2021-இல் வந்த மாமன்றத்தின் காலம் 2026 நவம்பர் தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த தேர்தலை 2027 ஜனவரி முடிவதற்குள் நடத்தியாக வேண்டும். திரும்பவும் கதவைத் தட்டுவார்கள், தமிழில் "வணக்கம்" வேறு சொல்வார்கள். ஓட்டு இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அந்தத் தொட்டிக் கேள்வியைச் சொல்லி வையுங்கள்.

பில்லின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, பெயர், கணக்கு எண், முகவரியை மறைத்து, இதற்குக் கீழே போடுங்கள். உத்தேச வரி எது, தகராறு எழுப்ப வேண்டிய தொகை எது என்று பார்த்துச் சொல்கிறேன்.